செவுளைத் தூக்கிப் பார்த்த கை

1

இந்தக் கதைக்குக் காரணம் என் வலது கை. எங்கோ கேட்டேன், யாரோ சொன்னார்கள் என்று தொடங்கி மூலத்தை மறைக்கும் வழக்கம் எனக்கில்லை. ஆகவே முதற்பத்தியிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஜூன் மாதம், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கிய பின் வந்த இரண்டாம் செவ்வாய்க்கிழமை, முத்தியால்பேட்டையில் என் வீட்டு வாசலில், பதினாறு ஆண்டுகளாக எனக்கு மீன் தரும் அஞ்சலாட்சியின் கூடையிலிருந்து ஒரு பாறை மீனை எடுத்து, அதன் செவுளைத் தூக்கிப் பார்த்தேன்.

மீன் வாங்கிப் பழக்கமில்லாத வாசகர்களுக்காக: செவுள் சிவந்திருந்தால் மீன் புதியது, வெளுத்தோ பழுப்பேறியோ இருந்தால் பழையது. சந்தையில் முகந்தெரியாதவரிடம் வாங்கும்போது எல்லோரும் தூக்கிப் பார்ப்பார்கள். அதில் குற்றமில்லை. வாடிக்கையாக வாசலுக்கு வருகிறவளிடம் யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை. அவள் "இன்னைக்கு மீனு" என்றால் அது இன்றைய மீன். "ஐஸு இது, கொழம்புக்கு ஆவும், வறுவலுக்கு வேணாம்" என்றால் அது ஐஸ் மீன். அவள் வாய்ச்சொல்லே அந்த மீனுக்குச் செவுள்.

நான் தூக்கிப் பார்த்த செவுள் நல்ல சிவப்பாகவே இருந்தது. அஞ்சலாட்சி முதலில் என் கையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"பாருங்கம்மா. நல்லாப் பாருங்க," என்றாள்.

புதன்கிழமை அவள் குரல் தெருவில் கேட்டது. என் வாசலில் நிற்கவில்லை. வியாழனும் நிற்கவில்லை. எங்கள் வட்டாரத்தில் அவளுக்கு ஒன்பது வாசல்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து வாசல்களில் செவுள் தூக்கப்பட்டுவிட்டது என்று பின்னர் அறிந்தேன். முதல் கை என்னுடையது. ஒருத்தி செய்ததை எதிர்வீட்டிலிருந்து இன்னொருத்தி பார்த்தால் போதும். இத்தகைய காரியங்கள் தெருவில் பரவ நாளாகாது.

என் கைக்கு ஒரு காரணம் இருந்தது. காரணம் இருந்ததனாலேயே கை சரியானதாகிவிடுமா என்பதுதான் என்னை உட்காரவிடாமல் செய்கிறது. இந்தக் கதையை எழுதும் இந்நான்கு நாட்களில் மேசையைவிட்டு எத்தனை முறை எழுந்தேன் என்று எண்ணவில்லை.

(கதைக்குள் வரும் அந்த வீட்டுக்காரிக்குத் தில்லையம்மாள் என்று பெயர் வைத்திருக்கிறேன். என் பெயர் அதுவன்று. அவளை "நான்" என்று எழுதினால் ஒவ்வொரு வாக்கியமும் எனக்காக வாதாடத் தொடங்குகிறது. படர்க்கையில் நிறுத்தினால் சற்று அடங்குகிறாள்.)

2

தில்லையம்மாளை ஒதுக்கிவிட்டு அஞ்சலாட்சியின் மகளிடம் போக வேண்டும். கதை அவளுடையது. பெயர் அன்புசெல்வி, வயது பத்தொன்பது, உப்பளம் பக்கம் ஒரு கல்லூரியில் ஊடகவியல் இரண்டாம் ஆண்டு.

முதல் தொடக்கம்: "தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் விடியல் மெல்ல—"

கைவிட்டேன். விடியலில் தொடங்கினால் அதன்பின் வரும் யாவும் அழகாக இருந்தாக வேண்டும்.

இரண்டாம் தொடக்கம்: "அன்புசெல்வி ஒரு பொய் சொன்னாள்."

இது சுருக்கமாகவும் பிழையின்றியும் இருந்தது. அரை நாள் வைத்திருந்தேன். பிறகுதான், விசாரணைக்கு முன்பே தீர்ப்பை வாசித்துவிடுகிறேன் என்று உறைத்தது. அதே அவசரத்தோடுதான் அன்று என் கையும் போனது.

மூன்றாம் தொடக்கம், இப்போதைக்கு இதுவே நிற்கிறது:

புதன்கிழமை பிற்பகல், துறை அலுவலகத்துக்கு வெளியே, அன்புசெல்வி தன் மதிப்பீட்டுத் தாளை வாங்கினாள். உள்ளூர்ப் பொருள் ஒன்றுக்கு அறுபது நொடி விளம்பரம் எடுக்க வேண்டும் என்பது தேர்வு. அவள் எடுத்தது தன் தாயின் மீன் வியாபாரத்தை. ஐம்பதுக்கு நாற்பத்திரண்டு மதிப்பெண். வகுப்பிலேயே அதிகம். கீழே, விளம்பரப் பாடம் எடுக்கும் ராஜ்கமல் சார் பச்சை மையில் எழுதியிருந்தார்:

"மீன் விற்கும் பெண் தானே செவுளைத் தூக்கிக் காட்டும் காட்சி நம்பகத்தன்மையின் உச்சம். அதை முதலில் கொண்டுவரவும். வசனம் கச்சிதம். மறுதொகுப்புடன் மீள்நோக்குக் கட்டுரையும் திங்கட்கிழமைக்குள்."

மீள்நோக்குக் கட்டுரை என்பது, பெற்ற பின்னூட்டத்தைப் பற்றி மாணவர் தாமே சிந்தித்து எழுதுவது. அதற்கென ஒரு படிவம் உண்டு. அதன் கடைசி வினா: "விளம்பரம் இலக்குப் பார்வையாளரின் நம்பிக்கையை எவ்வாறு பாதித்தது? மூவரின் கருத்தை எழுதிப் பெற்று இணைக்கவும்."

அவளுடன் படிக்கும் சரிதாதான் படத்துக்குக் கேமரா பிடித்தவள். தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "பார்ட்டி எப்போடீ?" என்றாள்.

அன்புசெல்வி சிரித்தாள். அந்தச் சிரிப்பு வீடு போய்ச் சேரும்வரை இருந்தது என்று எழுதுகிறேன். அவள் வீட்டுக்குப் போன வழியை நான் பார்த்ததில்லை.*

* நடந்தவற்றுள் சிலவற்றை அவளே சொன்னாள். எஞ்சியவை நான் கட்டியவை. எது எது என்று கூடுமானவரை குறித்துவிடுவேன்.

3

பின்னோக்கிப் போகிறேன். கதையின் நடுவே காலத்தைத் திருப்புவது ஒழுங்கற்றவர்கள் செய்வது என்பதே என் கருத்து. வேறு வழியில்லாததால் செய்கிறேன்.

மே மாதம் பதினான்காம் நாள். தடைக்காலம். தேங்காய்த்திட்டில் விசைப்படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கட்டிக் கிடந்தன. ஏலம் போடும் தளம் காய்ந்திருந்தது. மேற்குக் கடற்கரையிலிருந்து லாரியில் வந்த ஐஸ் மீனை வாங்கித்தான் அஞ்சலாட்சி அந்நாட்களில் விற்றாள். வாசல் வாசலாக "ஐஸுதாம்மா" என்று சொல்லியே விற்றாள். எனக்கும் சொன்னாள்.

படப்பிடிப்புக்கு ஒரு வஞ்சிரத்தைக் கழுவி வாழையிலையில் வைத்திருந்தார்கள். அதன் செவுள் நனைந்த அட்டைபோல் இருந்தது. அன்புசெல்வி பையிலிருந்து ஓர் இருமல் மருந்துக் குப்பியை எடுத்தாள். உள்ளே பீட்ரூட் சாறு. (அந்தச் சாறு வீட்டிலிருந்தே வந்தது. அதாவது செயல் முன்கூட்டித் திட்டமிடப்பட்டது. இதை மென்மையாக்கிச் சொல்ல எனக்கு மனமில்லை.) உணவுப் படங்களில் ஐஸ்கிரீமுக்குப் பதிலாக உருளைக்கிழங்கு மசியலை வைப்பார்கள் என்று வகுப்பில் படித்திருந்தாள், இதுவும் அவ்வாறான ஒன்றென்றே நினைத்தாள்.

"யம்மா, செவுளக் கொஞ்சம் தூக்கிக் காமி."

"நானா தூக்கணும்?"

"ஆமா. கேமராவுக்கு."

"வாங்குறவங்கதான்டி தூக்குவாங்க. நா எதுக்குத் தூக்குறேன்?"

"பாக்குறவங்களுக்கு ஃபிரெஷ்ஷுன்னு தெரியணும்ல."

"நா சொன்னாத் தெரியாதா?"

கேமராவுக்குப் பின்னாலிருந்து சரிதா, "ஆன்ட்டி, நீங்க சொல்றது எங்களுக்குத் தெரியும். பெங்களூர்ல இருக்குறவனுக்குத் தெரியுமா?" என்றாள்.

"பெங்களூர்காரனுக்கு நா எங்கடி மீன் விக்கப் போறேன்?" என்ற அஞ்சலாட்சி, சிரித்துக்கொண்டே தூக்கினாள். சாறு அவள் விரலில் வழிந்தது. முந்தானையில் துடைக்கப் போனவளை மகள் தடுத்து, காகிதம் கொடுத்தாள். பிறகு அஞ்சலாட்சி, எழுதிக் கொடுத்த வசனத்தைத் தன் குரலிலேயே சொன்னாள்:

"காலையில கடல்ல. மதியானம் ஒங்க சட்டியில."

ஒரே முறையில் சரியாக வந்தது. பதினாறு ஆண்டுகளாகத் தெருவில் கூவிய குரல் அது. அதை யாரும் ஐயப்பட்டதில்லை. அந்த வசனம் எடுபட்டதன் இரகசியமும் அதுவே.

படத்தின் முடிவில், துறையின் விதிப்படி, படமெடுத்த நாளைப் போட வேண்டும். போட்டார்கள். ஜூன் மாத ஞாயிறொன்றில் துறை தன் பக்கத்தில் படத்தை வெளியிட்டது. திங்கட்கிழமை அஞ்சலாட்சி தன் கைப்பேசியை இடுப்பிலிருந்து எடுத்து ஒன்பது வாசல்களிலும் அவளே காட்டினாள். "எம் பொண்ணு எடுத்தது. நாந்தா நடிச்சிருக்கேன்," என்றாள். அவளைப் பொறுத்தவரை அது நடிப்பு. சினிமாவில் வெட்டுப்பட்டவன் எழுந்து போய்ச் சோறு தின்பான் என்று அறியாதவளா அவள்?

தில்லையம்மாள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தை இறுதிவரை பார்த்தாள். அந்த மே மாதத் தேதியையும் படித்தாள். அம்மாதத்தில் தனக்கு "ஐஸு" என்று சொன்ன வாய் அங்கே "காலையில கடல்ல" என்றது. இரண்டில் ஒன்று பொய். எது பொய் என்று அவள் அஞ்சலாட்சியைக் கேட்டிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும், கேட்கவில்லை. மறுநாள் அவள் கைதான் கேட்டது.

4

புதன்கிழமை மாலைக்குத் திரும்புகிறேன்.

அன்புசெல்வி வீட்டுக்குள் நுழைந்தபோது கூடை பாதி நிரம்பிய நிலையில் மூலையில் இருந்தது. மீன் மீந்து வருவது அந்த வீட்டில் அபூர்வம். அஞ்சலாட்சியோடு ஏலத்துக்குப் போகும் ஆயம்மா, வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். ஆயம்மாவை நான் பார்த்ததே இல்லை; அன்புசெல்வி அவளைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அதிலிருந்து இந்த ஆளைக் கட்டினேன்.

"வாடி டைரக்டரு," என்றாள் ஆயம்மா. "என்னாடி இது, ஒங்கம்மா செவுளத் தூக்கிப் புடிச்சிக்கினு நிக்கிறா வீடியோல? நேத்துதான் கூடை தூக்க வந்தவகூட அப்பிடி நிக்க மாட்டாளே."

"அது விளம்பரம்க்கா."

"இன்னா விளம்பரம்? யாவாரம் தெரியாதவதான் தானே தூக்கிக் காட்டுவா. எம்மேல சந்தேகப்படு, வந்து பாருன்னு கூப்புட்ற மாதிரி. கடக்கரையே சிரிக்குது."

அன்புசெல்வி தாளை நீட்டினாள். "எங்க சாரு அதத்தான் சூப்பர்னு எழுதியிருக்காரு. நாப்பத்திரெண்டு மார்க்கு."

"ஒங்க சாரு மீன் வாங்குறாரா, திங்கிறதோட சரியா?"

அஞ்சலாட்சி அரிவாள்மணையைக் கழுவி, துடைத்து, மறுபடி கழுவினாள்.

"ம்மா. என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. முத்தியால்பேட்ட அந்தம்மா செவுளத் தூக்கிப் பாத்தாங்க. நேத்து. இன்னைக்கு எதுத்த வூட்லயும் பாத்தாங்க."

"பாத்தா என்னம்மா? நல்ல மீன்தான்."

"நல்ல மீன்தான்," என்றாள் அஞ்சலாட்சி. "நா அவங்களுக்கு மே மாசம் ஐஸுன்னு சொல்லித்தான் குடுத்தேன். அது அவங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் தூக்குனாங்க."

(அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. நானே எழுதி அவள் வாயில் வைத்தேன். மூன்று முறை அடித்தேன். மூன்று முறையும் திரும்ப எழுத வேண்டியிருந்தது.)

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். அஞ்சலாட்சியிடம் கடை இல்லை, பலகை இல்லை, தராசுகூடப் பல நாட்கள் எடுத்து வருவதில்லை. அவளிடம் இருப்பது "சொன்னால் சரியாக இருக்கும்" என்ற பெயர். அது போய்விட்டால் கூடை தூக்கும் நூறு பெண்களில் அவளும் ஒருத்தி. மகள் அறுபது நொடியில் கைவைத்தது அதன்மேல்.

அன்புசெல்வி தாளை மடித்தாள். மடித்ததை மறுபடி மடித்தாள்.

5

அடுத்து ராஜ்கமல் சார். இந்தப் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

முதல் வரைவில் அவருக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, அலட்சியமாகக் கால்மேல் கால் போட்டு உட்காரவைத்தேன். படித்துப் பார்த்தபோது, பழியை ஏற்றிவைக்க ஆள் தேடியிருக்கிறேன் என்று விளங்கிற்று. கண்ணாடியைக் கழற்றினேன். காலைக் கீழே இறக்கினேன். இப்போது அவர் முப்பத்தாறு வயதுக்காரர், மாணவர்களின் படங்களை இரண்டு முறை பார்த்துவிட்டே மதிப்பெண் போடுபவர். வியாழக்கிழமை துறை அறையில் இருந்தார்.

"சார், அந்த மீன் ஐஸ் மீன்."

"தெரியும்மா. தடைக்காலத்துல வஞ்சிரம் வேற எங்கேர்ந்து வரும்?"

அன்புசெல்வி இதை எதிர்பார்க்கவில்லை. "அப்ப நம்பகத்தன்மைன்னு எழுதியிருக்கீங்களே, சார்."

"நம்பும்படியா இருந்துச்சு, எழுதினேன். உண்மைன்னு எழுதலியே."

"செவுளுக்குப் பீட்ரூட் ஊத்தினேன், சார்."

அவர் பேனாவை மூடினார். "இங்க பாரு அன்பு. வாயால சொன்னே, நானும் கேட்டுக்கிட்டேன். எழுதிக் குடுத்தீன்னா நான் இந்தத் தாளோட முதல் பக்கத்து விதியைப் பாத்தாகணும். பொருளைப் பத்திப் பொய்யான கூற்று இருந்தா மதிப்பிடப்படாது. பூஜ்யம். அடுத்த வருஷம் இதே பேப்பர் திரும்ப எழுதணும். யாருக்கு என்ன லாபம்?"

"எங்கம்மாகிட்ட வாங்குறவங்க இப்ப செவுளத் தூக்கிப் பாக்குறாங்க, சார்."

அவர் நெடுநேரம் சன்னலைப் பார்த்தார் என்று எழுதினால் நாடகமாகும். உடனே பதில் சொன்னார்.

"அது மார்க்கெட்டிங் பிரச்சினை. மீள்நோக்குக் கட்டுரையில அது வராது. அதுல என்ன எழுதணும்னு தெரியுமில்ல? பின்னூட்டத்த ஏத்துக்கிட்டேன், திருத்தினேன், கத்துக்கிட்டேன். மூணு பாரா. எல்லாரும் எழுதுறதுதான். கருத்துக்கு உன் ஃபிரெண்ட்ஸ் மூணு பேர்கிட்ட வாங்கிக்க."

அவர் கெட்டவர் அல்லர். ஒரு படைப்புக்கு இருக்க வேண்டிய ஒழுங்கை அவர் அறிவார். அவளை ஓராண்டு இழக்காமல் காப்பாற்றவும் பார்த்தார். அவர் சொன்னதில் ஒரு வாக்கியத்தைக்கூட என்னால் பிழையென்று அடிக்க முடியவில்லை. அதுவே எனக்குப் பொறுக்கவில்லை.

6

அன்புசெல்வி வெள்ளிக்கிழமை எழுதிப் பார்த்தவை. தாள்களை நான் கண்டதில்லை, ஊகிக்கிறேன்.

"பேராசிரியரின் பின்னூட்டத்தை மகிழ்ச்சியுடன் ஏற்கிறேன். செவுள் காட்சியை முதலில் கொண்டுவந்ததன் மூலம் விளம்பரத்தின்—"

"விளம்பரத்தில் நடித்தவர் என் தாயார். அவர் நடிகையல்லர். ஆகையால் அவர் சொன்ன வசனம்—"

"இலக்குப் பார்வையாளர் ஐவர் இவ்விளம்பரத்தைப் பார்த்த பிறகு மீனின் செவுளை—"

மூன்றும் பாதியில் நிற்கின்றன. என் மேசையிலும் அவ்வாறே மூன்று தொடக்கங்கள் நின்றன என்பதை வாசகர் மறந்திருக்கமாட்டார். ஆனால் எங்களிருவருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. என் வாக்கியம் முடிந்தால் எனக்கு ஒரு கதை கிடைக்கும். அவள் வாக்கியம் முடிந்தால், எப்படி முடிந்தாலும், அவளுக்கோ அவள் தாய்க்கோ ஒன்று போகும்.

செவுள் காட்சியை முன்னுக்கு நகர்த்தி மறுதொகுப்பும் செய்து பார்த்தாள். இது அவளே சொன்னது. படம் இன்னும் நன்றாக வந்துவிட்டதாம். தாய் எடுத்த எடுப்பிலேயே மீனைத் தூக்கிச் செவுளைத் திறந்து சிரிக்கிறாள். "பாத்துட்டு எனக்கே வாங்கணும்போல இருந்திச்சு," என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது. அந்தப் பெருமையைக் கதையிலிருந்து நீக்குவதா என்று யோசித்தேன். நீக்கினால் அவள் வருந்தித் திருந்திய பெண்ணாகிவிடுவாள். வருந்தினாள், திருந்தினாள் என்று சுருக்கும்படியானவள் அல்லள் அவள். இருக்கட்டும்.

7

முடிவுகள். கதை எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை எரித்துவிடுவார்கள். நான் மூன்றையும் வைக்கிறேன்.

முதலாவது. அன்புசெல்வி உண்மை முழுவதையும் கட்டுரையில் எழுதுகிறாள். பூஜ்யம் வாங்குகிறாள். தலை நிமிர்ந்து நடக்கிறாள். நன்று, ஆனால் அந்தக் கட்டுரையைப் படிக்கப்போவது ராஜ்கமல் சார் ஒருவர். உண்மை துறை அலமாரிக்குள் பூட்டப்பட்டிருக்கும். முத்தியால்பேட்டையில் ஐந்து கைகள் செவுளைத் தூக்கிக்கொண்டே இருக்கும். இந்த முடிவு அவள் மனத்துக்கு உதவும். தாயின் கூடைக்கு உதவாது.

இரண்டாவது. மறுதொகுப்பு எங்கெங்கோ பரவுகிறது. புதிதாகப் பலர் அஞ்சலாட்சியைத் தேடி வருகிறார்கள். கூடை பத்து மணிக்கே காலியாகிறது. வருகிற ஒவ்வொருவரும் படத்தில் பார்த்தபடியே முதலில் செவுளைத் தூக்குகிறார்கள். அவளும் பழகிக்கொள்கிறாள். இதை எழுதி முடித்தபின் நான் அன்று மீன் சமைக்கவில்லை.

மூன்றாவது. தில்லையம்மாள் ஒரு காலை தேங்காய்த்திட்டுக்குப் போய், அஞ்சலாட்சியின் வீட்டைக் கேட்டுக் கண்டுபிடித்து—

இதை எழுதும்போது கை மிக நன்றாக ஓடியது. வாக்கியங்கள் தாமே வந்து உட்கார்ந்தன. ஆகையால் சந்தேகப்பட்டு நிறுத்தினேன். ஆட்டோவில் போனால் கால்மணி நேரம். புதன், வியாழன், வெள்ளி என்று மூன்று நாட்கள் இருந்தன. நான் போகவில்லை. போனதாக எழுத எனக்கு உரிமையில்லை.

8

இனி வருவது நடந்தது.

சனிக்கிழமை காலை அஞ்சலாட்சி கூடையுடன் கிளம்பியபோது அன்புசெல்வி படிவத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு கூடவே கிளம்பினாள்.

"நீ எங்கடி?"

"மூணு பேருகிட்ட கருத்து வாங்கணும்."

"அதுக்கு எங்கூட எதுக்கு?"

"ஒங்கிட்ட வாங்குறவங்கதானம்மா என் பார்வையாளரு."

முதல் வாசல் சொல்தா வீடு; பிரெஞ்சில் சொல்தா என்றால் படைவீரர். அந்த வீட்டுப் பெரியவர் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலமான பிறகும் பெயர் மாறவில்லை. அவர் மருமகள் வெளியே வந்தாள். அன்புசெல்வி அவளிடம் படிவத்தை நீட்டவில்லை. முதலில் பேசினாள்.

"ஆன்ட்டி, வீடியோல இருக்கறது ஐஸ் மீனு. அம்மா ஒங்ககிட்ட ஐஸுன்னுதான் சொல்லிச்சு, அதுதான் நெசம். வசனம் எழுதினது நான். செவுளுக்குப் பீட்ரூட் சாறு ஊத்தினதும் நான்தான்."

"பீட்ரூட்டா?" அவள் சிரித்துவிட்டாள். "அடிப்பாவி. அப்புறம் அந்த வஞ்சிரத்த என்ன பண்ணீங்க?"

"நாங்களே தின்னுட்டோம்."

"கலரா இருந்திருக்குமே கொழம்பு."

அஞ்சலாட்சியும் சிரித்தாள். அந்த மருமகள், வாங்கிய படிவத்தில், "பெண்ணே வந்து சொன்னது. மீன் எப்போதும் நல்ல மீன்" என்று எழுதிக் கையெழுத்திட்டாள். பிறகு சிரித்துக்கொண்டே ஒரு சங்கரா மீனை எடுத்தாள். சிரித்துக்கொண்டே அதன் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். கை ஒருமுறை பழகிவிட்டால் அவ்வளவு எளிதில் மறப்பதில்லை. தாயும் மகளும் அதைப் பார்த்தார்கள்; ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் வாசலில் கதவு திறக்கவில்லை. மூன்றாம் வாசலில், பேச்சு முடிவதற்குள் அந்த வீட்டுப் பெண் பாத்திரத்தை எடுத்து வந்துவிட்டாள். "ஏன்டீ, இதுக்கா இவ்வளோ தூரம் வந்த? அஞ்சல, ரெண்டு பாறை போடு," என்றாள். செவுளைத் தொடவில்லை. படிவத்தில் எழுதச் சொன்னபோது மட்டும், "எழுதிக் குடுத்தா ஒனக்கு மார்க்குப் போயிடாதா?" என்று கேட்டாள்.

"போவும்," என்றாள் அன்புசெல்வி.

அந்த வீட்டுப் பெண் எழுதினாள்.

இரண்டு கட்டங்கள் நிரம்பிவிட்டன. மூன்றாவது காலி. வெயில் ஏறிவிட்டது. அடுத்தது தில்லையம்மாளின் வாசல். செவ்வாய்க்குப் பிறகு அஞ்சலாட்சி நிற்காமல் கடந்த வாசல். அன்றும் கடக்கவே பார்த்தாள். மகள் நின்றுவிட்டதால் அவளும் நிற்க வேண்டியதாயிற்று.

தில்லையம்மாள் கதவைத் திறந்தாள். அன்புசெல்வி சொன்னாள்: மே மாதத்தை, குப்பியை, வசனத்தை, பச்சை மையை, ராஜ்கமல் சாரை, முதல் பக்கத்து விதியை. மற்ற வாசல்களைவிட இங்கே அதிகம் சொன்னாள். அவ்வளவு நேரமும் கூடை அஞ்சலாட்சியின் தலைமீதே இருந்தது. தனியாளாக இறக்க முடியாத கனம்; வீட்டுக்காரர் ஒரு பக்கம் கை கொடுத்தால்தான் கீழே வரும். கை கொடுக்கச் சொல்லி விற்பவள் கேட்பதில்லை. வாசலில் நிற்பவர் "எறக்கு" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டுவது வழக்கம்.

தில்லையம்மாள் படிவத்தைப் பார்த்தாள். மூன்றாம் கட்டத்தைப் பார்த்தாள். "இதில் நான் எழுதினால் உனக்கு ஓராண்டு போய்விடுமே," என்றாள்.

"எழுத வேணாம்மா," என்றாள் அன்புசெல்வி. "அத நா பாத்துக்கறேன். எங்கம்மா கூடைய எறக்கலாமா, வேணாமா, அத மட்டும் சொல்லுங்க."

அஞ்சலாட்சி எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஒரு சொட்டு ஐஸ் நீர் காதோரம் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. இரு கைகளும் மேலே இருந்தன.

அடுத்து என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அங்கே நின்றவள் நான்தானே. எழுதமாட்டேன். கை நீட்டினேன் என்று எழுதினால் உங்களிடம் எனக்கு நல்ல பெயர் கிடைக்கும். நீட்டவில்லை என்று எழுதினால், எவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொள்கிறாள் என்று அதற்கும் ஒரு நல்ல பெயர் கிடைக்கும். எவ்விதம் முடித்தாலும் அது எனக்கு நானே எடுத்துக்கொள்ளும் விளம்பரமாகிவிடும். செவுள் சிவப்பாகவே தெரியும்.

ஆகவே தில்லையம்மாளை வாசலிலிருந்து எடுத்துவிடுகிறேன். அந்த இடத்தில் நீங்கள் நில்லுங்கள். இரண்டு பேருடைய கதையையும் கேட்டுவிட்டீர்கள்; தெருவில் எதிர்வீட்டுக்காரி பார்த்துக்கொண்டிருக்கிறாள். கூடை இன்னும் தலைமேல் இருக்கிறது. கனம் ஏறிக்கொண்டிருக்கிறது.